கிளியரா எடுத்துட்டேன் சார்

1

தயாளன் அனுப்பிய குரல் செய்தி மொத்தம் நான்கு நொடி. "எடுத்துட்டேன் சார். கிளியரா எடுத்துட்டேன்." அவ்வளவுதான். நான் அப்போது ஒரு வெள்ளை வேனுக்கு அடியில், பள்ளத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையுறையைக் கழற்றி, கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டி அனுப்பினேன். கூடவே "அனுப்புங்க" என்று எழுதினேன்.

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "இன்னாத்த சார் அனுப்பறது? அத்த அப்பவே குப்பைல கொட்டியாச்சே."

தாம்பரத்திலும் சேலையூரிலும் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு, வெளிநாட்டுக்காரன் எழுத உட்கார்ந்தாலே பனி, தனிமை, கறிவேப்பிலை கிடைக்காத சோகம் என்று ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். இங்கே கறிவேப்பிலை தாராளமாகக் கிடைக்கிறது. நான் எழுத வந்தது ஒரு பழைய காரின் அடிப்பக்கத்தைப் பற்றி. அதில் இருந்த இரண்டு விரல் தடத்தைப் பற்றி. அது போனதற்கு நான்தான் காரணம். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

ஊரில் என்னைப் பற்றி "இங்கிலாந்தில் கார் இன்ஜினியர்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். நான் செய்வது வருடாந்திரப் பரிசோதனை. இந்த நாட்டில் மூன்று வயது தாண்டிய கார் ஒவ்வொன்றையும் வருடத்துக்கொரு முறை பரிசோதகனிடம் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுவார்கள். அந்த உப்பு வண்டியின் அடித்தகட்டைத் தின்னும். நான் கையில் விளக்கோடு நாள் முழுக்க அண்ணாந்து பார்த்து, தட்டிப் பார்த்து, எங்கே துரு, எங்கே ஓட்டை என்று எழுதிக் கொடுக்கிறேன். பதினேழு வருடமாகக் கழுத்துவலி.

இந்த வேலையில் நான் கற்ற ஒரே ஞானம் இதுதான்: அடியில் புதுசாகக் கறுப்பு பூசிக்கொண்டு ஒரு பழைய வண்டி வந்தால் நம்பக் கூடாது. எதையோ மூடியிருக்கிறார்கள்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு கிழவர் பழைய சின்ன கார் ஒன்றை, அந்த வயது வண்டிக்குச் சீட்டு கட்டாயமில்லை என்றாலும், கொண்டுவந்தார். பார்த்ததும் விளக்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு சுற்று சுற்றி வந்தேன். அப்பாவின் காருக்கு அக்காள் முறை அது. அதே உடம்பு, அதே விளக்கு. இந்த நாட்டில் டிசைன் செய்த வண்டியைத்தான் அந்தக் காலத்தில் வண்டலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் செய்தார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். மூடி எத்தனையோ காலமாயிற்று. நான் பழக்கதோஷத்தில் அடியில் வழிந்து காய்ந்திருந்த கறுப்பைச் சுரண்டப் போனேன். கிழவர் பதறிவிட்டார். "தொடாதீர்கள், அது ஃபாக்டரியில் அடித்தது!" என்றார். மேல் வண்ணத்தின் தூறல் கறுப்பின் ஓரத்தில் விழுந்திருப்பதை விளக்கு பிடித்துக் காட்டினார். அந்தத் தூறல்கூட முதல் நாளிலிருந்து இருக்கிறதாம். அதைக் காப்பாற்ற நாற்பது வருடமாக மழையில் ஓட்டுவதில்லையாம். இதெல்லாம் ஒரு பைத்தியம் என்று நினைத்துக்கொண்டே சீட்டு எழுதினேன். அன்று முழுக்க அப்பாவின் வண்டி ஞாபகமாகவே இருந்தது.

3

அப்பாவுக்கு அந்த வண்டலூர்க் கம்பெனியில்தான் வேலை. பெயிண்ட் ஷாப் என்று வெளியில் சொல்லுவார். உண்மையில் அவர் இருந்தது பள்ளத்தில். மேலே நகர்ந்து போகும் காரின் அடியில் தார் மாதிரி ஒரு கறுப்பைத் துப்பாக்கியால் அடிக்கிற வேலை. துரு பிடிக்காமல் இருக்கவும் சத்தம் குறையவும் அது. வீட்டுக்கு வரும்போது மண்ணெண்ணெய் வாசனையோடு வருவார். அம்மா அவர் சட்டையைத் தனி வாளியில் போடுவாள்.

பின்சக்கரத்துக்கு மேலே ஒரு மூலை இருக்கிறது. துப்பாக்கியும் போகாது, கம்பெனியில் கொடுத்த தடி பிரஷ்ஷும் போகாது. அங்கே கறுப்பை விரலால்தான் தள்ளி இழுக்க வேண்டும். பள்ளத்தில் நான்கு பேர். யார் அடித்த வண்டியில் கறுப்பு வழிந்தது, யாரைத் திட்டுவது என்று சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஆளுக்கொரு அடையாளம் வைத்தார்களாம். ஒருவர் ஒற்றை விரல், ஒருவர் மூன்று விரல், ஒருவர் குறுக்காக. அப்பா இரண்டு விரல், மேலிருந்து கீழே. பெருமைக்கு வைத்த கையெழுத்தில்லை, திட்டு வாங்க வைத்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது கேளம்பாக்கத்தில் ஒரு வாத்தியார் தன் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். மற்றவர்கள் இன்ஜினைத் திறந்து பார்ப்பார்கள். எங்கப்பா வெளுத்த சட்டையோடு தெருவில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் போய்விட்டார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. "டேய், இங்க வாடா" என்றார். நானும் தவழ்ந்து போனேன். வலது பின்சக்கரத்துக்கு மேல் என் கையைப் பிடித்து வைத்தார். காய்ந்த ரப்பர் மாதிரி இருந்தது. அதில் இரண்டு பள்ளம். என் விரல் இரண்டும் உள்ளே போய், பக்கத்தில் இடம் மிச்சமிருந்தது.

"நான்தான்டா இது! பாரு, கீழ எப்படி வழிஞ்சிருக்கு. இந்த வண்டிக்கு நான் கண்டிப்பா திட்டு வாங்கியிருப்பேன்."

அந்த வண்டியைத்தான் வாங்கினார். மாடம்பாக்கத்தில் வீடு கட்டியபோது, முதலில் அதற்கு ஷெட் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வானம் தோண்டினார். மேல் வண்ணம் இரண்டு தடவை மாறியது. பிஸ்தா பச்சையாக இருந்தது வெள்ளையாகி, அப்புறம் ஏதோ ஒரு கோபத்தில் மெரூன் ஆனது. அடிப்பக்கத்தை மட்டும் யாரையும் தொட விடவில்லை. நான் இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது மீனம்பாக்கம் வரைக்கும் அந்த வண்டியில்தான் கொண்டுவந்து விட்டார்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, உள்ளே கை விட்டு, அந்த இரண்டு பள்ளத்தைத் தொட்டுப் பார்ப்பேன். அந்த வயதில் என் விரலும் அதற்குச் சரியாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. என் தங்கை சுமதியிடம்கூட. ஃபோனில் ஆயிரக்கணக்கில் படம் வைத்திருக்கிறேன். சாப்பிட்ட தோசையைக்கூடப் படம் எடுத்திருக்கிறேன். அதை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

4

அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது; சென்ற வருடம் அப்பாவும் போய்விட்டார். காலையில் காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

எனக்கு அதற்குச் சில மாதம் முன்புதான் இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வந்திருந்தது. பிறந்த ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டும். விசா வேண்டுமென்றால், பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்குச் சான்று வேண்டும். ஒப்படைக்கலாம், ஒப்படைக்கலாம் என்று மேசை இழுப்பறையிலேயே போட்டு வைத்திருந்தேன். விசா ஆபீஸ் கவுன்டரில் இருந்த பெண் நல்ல தமிழிலேயே பேசினாள். "சார், அவசரம்னு போட்டாலும் மூணு நாள் ஆகும். அதுக்குக் குறைஞ்சு முடியாது. ரொம்ப சாரி." அவளைக் குறை சொல்ல முடியாது. மேசை இழுப்பறை என்னுடையது.

சுமதி ஃபோன் செய்தாள். "அண்ணா, ஐஸ் பெட்டியில வெச்சிருக்கோம். எல்லாரும் எப்ப எடுக்கறீங்க, எப்ப எடுக்கறீங்கன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

காலண்டரில் மூன்று நாளை எண்ணிப் பார்த்தேன். அவளே சொன்னாள். "நாளைக்கு நாலு மணிக்கு எடுத்துடறோம் அண்ணா."

அங்கே நாலு மணி என்றால் இங்கே காலை பத்தரை. விடுப்பு போட்டு வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கலாம். வேலைக்குப் போனேன், என்ன செய்வதென்று தெரியாமல். பள்ளத்துக்குள் நின்று ஃபோனில் பார்த்தேன். சித்தப்பா மகன் ஃபோனைப் பிடித்திருந்தான். பாதி நேரம் அவன் செருப்பு தெரிந்தது. பிறகு படம் நின்றுவிட்டது. அப்புறம் சுமதியிடமிருந்து ஒரு வரி: "எடுத்தாச்சு அண்ணா."

5

கிழவரின் காரைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வெறி பிடித்தது. அப்பாவின் வண்டியை, கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்த மாதிரி ஆக்க வேண்டும். மெரூனைச் சுரண்டி, வெள்ளையைச் சுரண்டி, பிஸ்தா பச்சையைக் கண்டுபிடிக்க வேண்டும். அடியில் பிய்ந்த இடத்தில் மட்டும் புதுக் கறுப்பு. அந்த மூலையைத் தொடாமல், அதைச் சுற்றி. முதல் வருஷத் திவசத்துக்குப் போகும்போது வண்டி தயாராக இருக்க வேண்டும். கை விட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். எடுக்கிற நேரத்தில் அவர் கையைப் பிடிக்க நான் இல்லை. அந்தக் கை இனி இருக்கிற இடம் அது ஒன்றுதான். வேறு எந்தக் காரணமும் இல்லை.

சுமதிக்குப் பிடிக்கவில்லை. "அண்ணா, நீ அங்கேர்ந்து சொல்லிட்டே இருப்ப. இங்க ஒவ்வொரு மழைக்கும் ஷெட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. நான்தான் இறைக்கறேன். வீட்டையே பில்டர்கிட்ட குடுக்கப் போறோம். நான் வாடகை ஃப்ளாட்டுக்குப் போனா இதை எங்க நிறுத்தறது?" அவள் பள்ளிக்கூட டீச்சர். ஞாயமாகத்தான் பேசுவாள். இருந்தாலும் முடிச்சூர் ரோட்டில் கார் பெயிண்டர் தயாளனைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

தயாளன் கெட்டிக்காரர். அதில் சந்தேகமே வேண்டாம். கதவு ஓரத்தை ஈர உப்புத்தாளால் தேய்த்து, மெரூன், வெள்ளை, பச்சை என்று வளையம் வளையமாகத் தெரிய வைத்துப் படம் அனுப்பினார். டிக்கிக்குள் ரப்பர் ஒட்டியிருந்த இடத்தில் வெயில் படாத பச்சை கொஞ்சம் கிடைத்தது. அதை வைத்து வண்ணம் கலக்கினார். "சார், இது ஒரிஜினல் கலர் சார்! சும்மா தகதகன்னு கீது!" நானும் தினம் ஒரு கட்டளை அனுப்புவேன். கூரையை எடுங்க, கதவை எடுங்க, டேஷ்போர்டு கீழே எடுங்க. எல்லாமே படம்தான். எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

இனி வருவது நான் சொன்னது. ஃபோனில் அப்படியே இருக்கிறது. நூறு தடவை கேட்டுவிட்டேன்.

"தயாளன், ரைட் சைடு பின் வீலுக்கு மேல, உள்பக்கம், ரெண்டு விரல் இழுத்த மாதிரி ஒரு கோடு இருக்கும். அதை முதல்ல எடுத்துடுங்க. நல்லா கிளியரா எடுங்க. அப்புறமா மத்த வேலையைப் பாருங்க."

ஃபோட்டோ என்கிற ஒரு வார்த்தை. அதைச் சொல்லவில்லை. "எங்கப்பா விரல்" என்றாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வாழ்க்கையில் முகமே பார்க்காத ஒருவரிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. லண்டன்காரனுக்கு மறை கழண்டுவிட்டது என்று நினைப்பாரோ என்று கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு விலை அதுதான்.

அவர் அந்த மூலையைச் சூடு காட்டி இளக்கி, சுரண்டியால் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, தகடு கண்ணாடி மாதிரி ஆகும்வரை விடவில்லை. கஸ்டமர் குறிப்பாகச் சொன்ன இடம் அல்லவா? மற்ற இடத்தைவிட அதில்தான் அதிகம் பாடுபட்டாராம்.

என் மகள் நிலாவுக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும், பேச வராது. அதாவது, பேச மாட்டாள். நான் சமையலறையில் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதைப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் கேட்டாள். எடுன்னா நீக்குன்னுதானே அர்த்தம்? நீங்க எடுக்கச் சொன்னீங்க, அவர் எடுத்துட்டார், இதுல அவர் தப்பு என்ன?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆறு வருடம் அழைத்துப் போனேன். அவள் கற்றது சரியாகத்தான் கற்றிருக்கிறாள். புடவை எடுக்கிறோம், பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது, பிணத்தை எடுக்கிறார்கள் என்றெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. "உங்க தாத்தாவோட கை அதுல இருந்ததும்மா" என்றேன். "தாத்தா கையா? வண்டியிலயா?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டாள். நல்ல பெண். என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

6

திவசத்துக்கு முந்தின நாள் முடிச்சூர் ரோடு ஷெட்டுக்குப் போனேன். இந்த முறை விசா எல்லாம் ஒழுங்காக இருந்தது. சான்று, சான்றுக்கு நகல், நகலுக்கு நகல். ஒரு வருடம் தாமதமாக எல்லாம் ஒழுங்கு.

வண்டி வெளியில் நின்றது. அய்யோ, என்ன அழகு! பிஸ்தா பச்சை வெயிலில் ஈரமாக இருக்கிற மாதிரி தெரிந்தது. கேளம்பாக்கம் வாத்தியார் வாங்கிய நாளில் அப்படித்தான் இருந்திருக்கும். தயாளனுக்கு அறுபது வயதிருக்கும், ஒல்லி, காது ஓரத்தில் பச்சைப் புள்ளிகள். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுமதி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"சார், ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார். எங்கப்பா வெரல்னு. நான் கண்ணாடி பொட்டி போட்ட மாதிரி வச்சிருப்பனே."

"என் தப்புதான் தயாளன்."

"எனக்கு மூணு நாளு சோறு எறங்கல சார். மெய்யாலுமே."

அந்த ஒரு மூலையை மட்டும் கறுப்பு அடிக்காமல் விட்டிருந்தார். செந்நிற பிரைமரோடு வெறுமனே இருந்தது. ஒரு சின்ன டப்பாவில் கறுப்பு கலக்கி வைத்திருந்தார். "சொல்றேன்னு கோச்சுக்காதீங்க சார். நீங்க அவரு ரத்தம். உங்க ரெண்டு வெரலை வைங்க. யாருக்கும் தெரியாது."

நான் படுத்து உள்ளே போனேன். அவர் காம்பு வளைந்த சின்ன பிரஷ்ஷால் கறுப்பைத் தடவிக் கொடுத்தார். மேலிருந்து கீழே இரண்டு விரலால் இழுத்தேன். நன்றாகத்தான் வந்தது. கீழே ஒரு சொட்டு வழியவும் வழிந்தது. அந்தச் சொட்டைப் பார்த்தபோதுதான் தாங்கவில்லை. படுத்த வாக்கிலேயே அழுதேன். பதினேழு வருடமாக நான் சம்பளம் வாங்குவதே, புதுக் கறுப்பை நம்பாமல் இருப்பதற்கு. எனக்கே இதைச் செய்துகொள்ளவா?

"அழிச்சுடுங்க தயாளன். பிரஷ் போட்டு சமமாக்கிடுங்க."

"சார்..."

"எடுத்துடுங்க. இப்ப நான் நிஜமாத்தான் சொல்றேன்."

அவர் பிரஷ்ஷை எடுத்து ஒரே இழுப்பில் மூடினார். வண்டியை விற்றுவிடலாம் என்று அன்று சாயங்காலம் சுமதியிடம் நானே சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "நிஜமாவா அண்ணா?" என்று கேட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் திவசத்தில் தர்ப்பையை விரலில் மாட்டும்போது ஐயர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். "என்ன சார் இது, கறுப்பா? கழுவிண்டு வாங்கோ."

"போக மாட்டேங்குது சாமி."

"சரி, பரவால்ல. எள்ளை எடுத்துக்கோங்கோ" என்றார்.

7

கேளம்பாக்கம் பக்கம் ஒரு ரிசார்ட்காரர் வாங்கிக்கொண்டார். பேரை மாற்றுவதற்கு அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வெளிநாட்டுக் குடிமகனாகிய எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள். அதில் பழைய பழக்கத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். "சார், பாஸ்போர்ட்ல இங்கிலீஷ்ல இருக்கு, இது செல்லாது" என்று திருப்பிக் கொடுத்தார் ஆர்.டி.ஓ. ஏஜென்ட். மறுபடி போட்டேன். சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தார். அது மட்டும் தெளிவாக விழுந்தது. அந்த மூலையிலும் ஒரு காகிதத்தை வைத்து யாராவது எப்போதாவது தேய்த்திருக்கலாம். தோன்றவில்லை யாருக்கும்.

ரிசார்ட்காரரின் மேனேஜர் சின்ன வயசு, மரியாதையானவர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்க்கவில்லை.

"ஓட்டறதுக்கெல்லாம் இல்ல சார். தோட்டத்துல நிறுத்திடுவோம். கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு, மாப்பிள்ளை வருவாங்கல்ல, சாஞ்சு நின்னு போட்டோ எடுக்கறதுக்கு."

"ஓ" என்றேன்.

"லாரி சொல்லியிருக்கேன் சார். நாளைக்கு நாலு மணிக்கு எடுத்துடறோம். நீங்க இருப்பீங்களா?"

சுமதி சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கும் அதே ஞாபகம்தான் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"இருக்கேன்" என்றேன்.

மறுநாள் சுமதி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டாள். மூன்று மணியிலிருந்து மாடம்பாக்கம் வீட்டு ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தயாளனும் டிவிஎஸ்ஸில் வந்து, தள்ளி நின்றார். லாரி நாலரை தாண்டித்தான் வந்தது. வண்டியை மேலே ஏற்றி, நான்கு சக்கரத்தையும் பட்டையால் கட்டினார்கள். வலது பின்சக்கரம் என் கண் மட்டத்துக்கு வந்தது. உள்ளே புதுக் கறுப்பு வழவழவென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. ஃபோன் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

நாலே முக்காலுக்கு எடுத்தார்கள். சுமதி கேட்டோடு நின்றுவிட்டாள். நான் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே நடந்தேன். இந்தத் தடவை இருந்தேன்.